இரண்டாவது புள்ளி

பதினெட்டாவது சிப் செத்தது ஒரு புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. கணினித் திரையில் சமர்த்தாக ஏறிக்கொண்டிருந்த மின்னோட்டக் கோடு திடீரென்று ஒரே தாவலில் உச்சிக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டிக்கொண்டால் உள்ளே எல்லாம் கருகிவிட்டது என்று அர்த்தம்.

"போச்சா அண்ணி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"போச்சு."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"ரெண்டே ரெண்டு."

கேட்டவள் அண்ணியின் நாத்தனார், கணவனின் தங்கை. அதே ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடமாகக் கம்பி வைக்கும் வேலை. முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, ஒரு ஊசிமுனையால் சிப்பின் மேல் ஒட்டுவாள். அதனால் எல்லோரும் அவளை ஊசி என்பார்கள். பேச்சும் அப்படித்தான் குத்தும் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இங்கே வேலை காலியிருக்கிறது, விண்ணப்பம் போடுங்கள் என்று அண்ணியை இழுத்துவந்தவளே அவள்தான். அவள் வாய்க்கு வாய் 'அண்ணி' என்பதைக் கேட்டுக் கேட்டு, மூன்றே மாதத்தில் மொத்தக் கட்டடமும் அப்படியே கூப்பிடத் தொடங்கியது. வாசல் காவலாளிக்கும் அண்ணி, நூலகருக்கும் அண்ணி. ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த துறைத்தலைவர்கூட ஒரு கூட்டத்தில் வாய்தவறி, "அடுத்து அண்ணியோட அறிக்கையைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு இருமிச் சமாளித்தார்.

அண்ணி செய்யப் பார்த்தது ஒரு விளக்கு. இரண்டு தங்கத் துண்டுகள், நடுவில் மின்சாரத்தை விடாத ஒரு படலம். ஒரு முடியின் தடிமனை ஐம்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அந்தப் படலம் அவ்வளவுதான். அந்தச் சுவரை ஏறிக் குதிக்க எலக்ட்ரானுக்குத் தெம்பு கிடையாது. ஆனால் சுவர் அத்தனை மெலிசாக இருந்தால் அது ஏறுவதே இல்லை. இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இருக்கும். ஊடுருவிவிடும். போகிற போக்கில் லட்சத்தில் ஒன்று, தன்னிடமுள்ள ஆற்றலை ஒரு துளி ஒளியாக உதறிவிட்டுப் போகும். அந்த ஒளியைப் பிடித்து, சிப்புக்குள்ளேயே வெட்டியிருக்கும் கண்ணாடி வாய்க்காலில் ஓடவிட வேண்டும். சிப்புக்குள் செய்தி கொண்டுபோகும் வேலையை மின்சாரத்திடமிருந்து வாங்கி ஒளியிடம் கொடுப்பதுதான் திட்டம்.

வீட்டில் இதைச் சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இவ்வளவு படிச்சதும் பல்பு மாட்டத்தானா?" என்றான்.

அந்தப் பல்பு பதினான்கு மாதமாக எரியவில்லை.

அன்று மத்தியானம் துறைத்தலைவர் நடைபாதையில் அண்ணியை நிறுத்தினார். கெட்டவர் இல்லை. ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"பதினெட்டும் போச்சுன்னா சிப்புல குறை இல்லம்மா. கம்பி வைக்கற எடத்துலதான் போகுது. கையில நிலைமின்சாரம் இருக்கும், இல்லன்னா அழுத்தம் ஜாஸ்தியா இருக்கும். வேற ஆளை வச்சுப் பாருங்க. திங்கக்கிழமை அந்த மைக்ரோஸ்கோப் மேஜையைப் பக்கத்து குழுவுக்குக் கொடுத்தாகணும்."

அண்ணி தலையை ஆட்டினாள். திரும்பினால், நாலடி தள்ளி ஊசி நின்றுகொண்டிருந்தாள், கையில் சிப் தட்டோடு.

அன்று மாலை பேருந்தில் ஊசி முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ஒரே குடியிருப்பில், ஒரு மாடி வித்தியாசத்தில் இருப்பவர்கள். இரவுச் சாப்பாடு அண்ணி வீட்டில்தான். ஏழு மணிக்கு ஊசி வந்தாள், உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், பேசவில்லை. அண்ணியும் பேசவில்லை.

"ரெண்டு பேரும் எதுக்கு என்கிட்டயே உப்பு கேக்கறீங்க?" என்றான் நடுவில் மாட்டிக்கொண்ட கணவன். "உப்பு உங்களுக்கு நடுவுலதானே இருக்கு?"

ஊசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, 'அப்படி இல்ல சார்'னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

அண்ணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு" என்றாள்.

ஊசியின் முகம் சிவந்து, பிறகு மெல்லத் தணிந்தது. திட்டப் போகிறாள் என்றுதான் அண்ணி நினைத்தாள். அவளோ விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"சரி, சந்தேகம்னே வச்சுக்கலாம். நான் கம்பி வச்சு முடிச்சதும் சிப் உயிரோட இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"நீங்க அளக்க ஆரம்பிச்ச அப்புறமும் அஞ்சு நிமிஷம் ஒழுங்கா ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

"சாகும்போது என்ன நடக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? உங்க கண்ணு திரையிலயே இருக்கும். நான் பின்னால சும்மா நிக்கறவ, எனக்குக் காது மட்டும்தான் வேலை. அந்த வோல்ட் கொடுக்கற பெட்டிக்குள்ள 'டக்'குனு ஒரு சத்தம். அப்புறம்தான் போகுது. இன்னைக்கும் அப்படித்தான். டக், போச்சு. பதினெட்டுல குறைஞ்சது பதினஞ்சு தடவை நானே கேட்டிருக்கேன்."

தட்டில் குனிந்திருந்தவன் தலை தூக்கினான். "ரிலே" என்றான்.

"என்னது?"

"ரிலேன்னா தானா மாறுற ஸ்விட்ச். அது மாறுற சத்தம். எங்க லிஃப்ட் போர்டுலயும் உண்டு. ஒரு பக்கம் விட்டு இன்னொரு பக்கம் பிடிக்கறதுக்குள்ள ஒரு உதை உதைக்கும். பெரிய மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. பக்கத்துல இருக்கற சின்ன கார்டுங்கதான் பொசுங்கும்."

அண்ணி எழுந்தே விட்டாள். மின்னோட்டம் ஏற ஏற, அந்தப் பெட்டி தானாகவே ஒரு ரிலேயைத் தட்டி அளவு வரம்பை மாற்றிக்கொள்ளும். அந்த வசதியை முதல் நாளே இயக்கிவைத்தது அவள்தான். வேலை சுலபமாகுமே என்று. பதினெட்டு சிப்புகளையும் வரிசையாக அந்த வசதிக்குப் பலி கொடுத்திருக்கிறாளா?

"உட்காருங்க அண்ணி. சாப்பாடு ஆறுது" என்றாள் ஊசி. அவள் குரலில் பழைய குத்தல் திரும்பியிருந்தது. அண்ணிக்கு அதைக் கேட்டதில் பாதி உயிர் வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் இருவரும் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். சிப் எதையும் மாட்டாமல், பெட்டியின் இரண்டு வயர்களையும் ஒரு அலைகாட்டிக் கருவியில் சொருகினார்கள். இரண்டு வோல்ட் கேட்டார்கள். திரையில் கோடு இரண்டில் நேராக நின்றது. வரம்பு மாறும்படி செய்தார்கள்.

டக்.

கோட்டின் நடுவில் ஈட்டி மாதிரி ஒன்று எழுந்து அடங்கியது. அண்ணி அதை நிறுத்திப் பெரிதாக்கினாள். ஒரு கண்ணிமைப்பில் நூறில் ஒரு பங்குகூட இராது. ஆனால் அதன் உச்சி ஒன்பது வோல்ட்டைத் தொட்டிருந்தது. மூன்று வோல்ட்டே தாங்காத படலம் அது.

"ஒன்பது!" என்று கத்தினாள் ஊசி. "ஒன்பது வோல்ட்டை வாயில ஊத்திட்டு என் கையைக் குறை சொன்னீங்களே!"

"தப்புதான். மன்னிச்சுக்கோ. நேத்து நடைபாதையில நான் பேசியிருக்கணும்."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அந்தப் பெட்டியைக் கழட்டி அந்தாண்ட வைங்க. எனக்கு அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

வேறு பெட்டிக்கு எங்கே போவது? ரிலே இல்லாத, தானாக எதையும் செய்யாத, மண்டு மாதிரி சொன்னதை மட்டும் கேட்கிற ஒன்று வேண்டும். அண்ணி கணவனுக்குப் போன் போட்டாள். பதினொன்றரைக்கு அவன் வேலைச் சட்டையோடு வாசலில் நின்று ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனான். பழைய மருந்து டப்பா. உள்ளே டார்ச் லைட்டுக்குப் போடும் நாலு பேட்டரி. மேலே திருகு ஒன்று, ரேடியோவில் சத்தம் கூட்டுவது போல. திருகினால் வோல்ட் ஏறும், திருப்பினால் இறங்கும். அவ்வளவுதான்.

ஊசி தன் பங்குக்கு ஒரு யோசனை வைத்திருந்தாள். கம்பி வைக்கும்போது முதல் வேலையாகச் சிப்பின் இரண்டு முனைகளையும் ஒரே கம்பியால் இணைத்துவிடுவது. அப்படி இணைத்துவிட்டால் நிலைமின்சாரம் வந்தாலும் படலத்தின் பக்கம் போகாமல் கம்பி வழியாகவே ஓடிவிடும். எல்லாம் மாட்டி முடித்த பிறகு, கடைசியில் அதை இடுக்கியால் அறுத்துவிட வேண்டும். "இனிமே என் கையைப் பத்தி யாரும் பேசக்கூடாது பாருங்க" என்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பத்தொன்பதாவது சிப்பை மாட்டினார்கள். ஊசி பாதுகாப்புக் கம்பியை அறுத்தாள். அண்ணி திருகை மெல்ல ஏற்றினாள். அரை வோல்ட். ஒன்று. ஒன்றரை. கோடு ஒழுங்காக ஏறியது. எந்தச் சத்தமும் இல்லை. ஒன்றே முக்காலில், மைக்ரோஸ்கோப்பில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கேமராவின் திரையில், சரியாகத் தங்கத் துண்டுகள் சந்திக்கிற இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது.

அண்ணி திருகைக் குறைத்தாள். புள்ளி மங்கியது. கூட்டினாள். பளிச்சென்றது.

"அண்ணி, எரியுது."

"எரியுது!"

"எரியுது அண்ணி!"

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை தானாகத் திருகிக்கொண்டே போனது. இரண்டு, இரண்டே கால், இரண்டரை. "போதும் அண்ணி" என்று ஊசி சொல்லி முடிப்பதற்குள் கோடு உச்சிக்குத் தாவி ஒட்டிக்கொண்டது. புள்ளி அணைந்தது.

"இப்ப 'டக்' கேட்டுச்சா?" என்றாள் அண்ணி, ஈனசுவரத்தில்.

"இல்ல. இது முழுக்க உங்க கைவேலை."

முதலில் ஊசிதான் சிரித்தாள். பிறகு அண்ணி. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சேமித்திருந்த படத்தை எடுத்துக்கொண்டு இருவருமாகவே துறைத்தலைவரிடம் போனார்கள். போனதும் அண்ணி முதலில் சொன்னது அந்த ஒன்பது வோல்ட்டைப் பற்றித்தான். கண்டுபிடித்தது யார் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அவர் அலைகாட்டியின் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஊசியைப் பார்த்தார்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றார் சத்தமாக. அவருக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டது. பிறகு புள்ளியின் படத்தை எடுத்தார். "ஆனா இது எனக்குப் போதாது. இத்தனூண்டு எடத்துல இவ்வளவு மின்சாரம் போனா தங்கம் சூடேறி ஜொலிக்கும். அதுவும் கேமராவுல இப்படித்தான் தெரியும். எலக்ட்ரான் ஊடுருவி வந்த ஒளிதான் இதுன்னு எப்படி நம்பறது?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க சார். உங்க கண்ணாலயே பாருங்க" என்றாள் அண்ணி.

வெளியே வந்ததும் ஊசி கேட்டாள். "இருக்கறது ஒரே சிப். அவரு கண்ணுக்குத் தெரியுமா அண்ணி?"

"கணக்குப்படி தெரியணும்."

"கணக்குப்படி பதினெட்டும் எரிஞ்சிருக்கணுமே!"

வெள்ளிக்கிழமை. ஜன்னலில்லாத உள்ளறையில் கடைசிச் சிப்பை மாட்டி, விளக்குகளை அணைத்து, கதவிடுக்கில் கறுப்புத் துணியைச் செருகினார்கள். வெளியறை விளக்கையும் அணைத்து, பேட்டரி டப்பாவையும் மீட்டரையும் அங்கே வைத்து, வயரை மட்டும் கதவுக்கு அடியில் விட்டார்கள். மீட்டரின் துளி வெளிச்சமும் உள்ளே வரக்கூடாது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். துறைத்தலைவரும் அவர்களோடு வந்து இருட்டில் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் வயிறு உறுமியது. ஒருவரும் உரிமை கோரவில்லை.

பதினெட்டாவது நிமிடத்தில் அறை முழுக்க நீல வெளிச்சம் அடித்தது. துறைத்தலைவரின் சட்டைப்பையில் போன்.

"சார்!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"என் பொண்ணு. சாப்பிட்டீங்களான்னு கேக்கறா."

"போனை வெளியில வச்சுட்டு வாங்க சார்" என்றாள் ஊசி, அவர் யார் என்பதையே மறந்து. "மறுபடி முதல்லேர்ந்து இருபது நிமிஷம்!"

அவர் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் வைத்துவிட்டு வந்தார்.

இந்த முறை திருகை அண்ணியிடம் கொடுக்க ஊசிக்கு மனமில்லை. "நேத்து பார்த்தோமே" என்று ஊசி அதைப் பிடுங்கியிருப்பாள். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. அதனால் அவள் உள்ளே கண்ணாடியில் கண்ணை வைத்தாள். அண்ணி வெளியறைக்குப் போய், இரண்டு விரலால் மட்டும், கடிகார முள் நகர்கிற மாதிரி திருகினாள். "இரண்டே காலுக்கு மேல போனீங்கன்னா நான் வீட்டுக்கே வர மாட்டேன்" என்று உள்ளிருந்து எச்சரிக்கை வந்தது.

ஒன்றே முக்கால். "ஒண்ணும் தெரியல."

இரண்டு. "இருங்க. இருங்க. ஏதோ சிவப்பா... ஆமா! இருக்கு! சின்னதா, குங்குமப்பொடி ஒண்ணு விழுந்த மாதிரி!"

துறைத்தலைவரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இன்னும் கொஞ்சம் அண்ணி."

இரண்டு புள்ளி இரண்டு. உள்ளே சத்தமில்லை. செத்துவிட்டதா? அண்ணி மீட்டரைப் பார்த்தாள். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"என்னாச்சு? ஏன் பேசமாட்டேங்கற?"

"அண்ணி" என்றாள் ஊசி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"ரெண்டு புள்ளி. ஒண்ணு நடுவுல. இன்னொண்ணு அந்தக் கடைசியில, ஓரத்துல. மங்கலா இருக்கு, ஆனா இருக்கு."

அண்ணி திருகை அப்படியே விட்டுவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கதவு வழியாக உள்ளே தடவித் தடவி வந்தாள். மேஜைக்காலில் இடித்துக்கொண்டாள். வலி தெரியவில்லை. ஊசி நகர்ந்து இடம் விட்டாள். கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு. பிறகு நடுவில் ஒரு செம்பொட்டு. அப்புறம், பார்வையின் ஓரத்தில், வாய்க்கால் முடிந்து மேலே திறக்கும் அதே இடத்தில், இன்னொன்று.

அங்கே மின்சாரம் இல்லை. தங்கம் இல்லை. சூடேற எதுவுமே இல்லை. நடுப்புள்ளியில் பிறந்த ஒளி, வெட்டிவைத்த வாய்க்காலுக்குள் இறங்கி, அதன் வழியே ஓடி, மறுமுனையில் தலை நீட்டியிருந்தது. ஓடிய தூரம் மணல் பருக்கை அளவுதான். அண்ணிக்கு அது ஒரு ஊரைத் தாண்டி வந்த மாதிரி இருந்தது. கண்ணாடி பனித்தது. அழுகிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கும் கொஞ்சம் காட்டறீங்களா?" என்றார் துறைத்தலைவர், இருட்டில் கைகளை நீட்டியபடி.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஓடி வந்திருக்கு" என்றார். முதல்முறையாக மெதுவான குரலில்.

ஆனால் அண்ணி அதோடு விடவில்லை. சூடா, ஊடுருவலா என்ற கேள்வி அவருடையது. பதிலும் அவர் வாயிலிருந்தே வரவேண்டும். ஒரு எலக்ட்ரான் இரண்டு வோல்ட் உயரத்திலிருந்து இறங்கினால், அந்த உயரத்துக்கு உள்ள ஆற்றலைத்தான் ஒளியாகத் தர முடியும். அதற்குமேல் தர அதனிடம் இல்லை. சூட்டு வெளிச்சத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எல்லா நிறத்தையும் கலந்துதான் வீசும். அதனால் அவள் மைக்ரோஸ்கோப்பில் செருக ஒரு நிறக்கண்ணாடி வைத்திருந்தாள். இரண்டு வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட சிவப்பையெல்லாம் அது தடுத்துவிடும். அதற்கு மேலுள்ள ஆரஞ்சை மட்டும் விடும்.

"சார், மீட்டர் எங்ககிட்ட. நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. புள்ளி மறைஞ்சா 'போச்சு'ன்னு சொல்லுங்க. தெரிஞ்சா 'வந்துச்சு'ன்னு சொல்லுங்க."

இருவரும் வெளியறைக்கு வந்து, கதவை மூடிவிட்டு விளக்கைப் போட்டார்கள். இப்போது திருகு ஊசியிடம். அண்ணி பேனாவோடு மீட்டர் முன்னால். ஊசி கண்டபடி திருகினாள். வேகமாக, மெதுவாக, பாதியில் நிறுத்தி, திரும்ப ஏற்றி.

"போச்சு!" என்றது உள்ளிருந்து குரல். இரண்டு புள்ளி சைபர் நாலு.

"வந்துச்சு!" சைபர் ஐந்து.

"போச்சு!" மறுபடி சைபர் நாலு.

ஒன்பது தடவை. ஒன்பதும் இரண்டு வோல்ட்டுக்கு ஒரு நூலிழை மேலே, ஏறக்குறைய அதே இடத்தில். ஒவ்வொரு 'போச்சு'வுக்கும் நிறக்கண்ணாடியை எடுக்கச் சொன்னாள் அண்ணி. எடுத்ததும், "சிவப்பு அப்படியேதான் இருக்கு!" என்றார் அவர். ஆறாவது தடவைக்கு அப்புறம் அவர் கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி கத்த ஆரம்பித்திருந்தார். பக்கத்துக் குழுவினர் எல்லாரும் வெளியறையில் கூடிவிட்டார்கள். திங்கட்கிழமை மேஜையை எடுத்துக்கொண்டு போக இருந்தவர்கள் அவர்கள்தான். ஏழாவது 'போச்சு'வுக்கு அவர்களே கைதட்டினார்கள்.

துறைத்தலைவர் கதவைத் திறந்துகொண்டு, வெளிச்சத்தில் கண்கூசியபடி வெளியே வந்தார்.

"சூடு இல்ல" என்றார். "மேஜை இங்கேயே இருக்கட்டும். ஆறு மாசத்துக்கு."

பக்கத்துக் குழுவின் தலைவி முகம் சுளிக்கவில்லை. "எங்களுக்கும் ஒரு தடவை காட்டினா மேஜை வேணாம்" என்றாள். வரிசை கட்டி நின்று பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் இருட்டில் இருபது நிமிடம். யாருக்கும் அவசரமில்லை.

மத்தியானம் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து நிறங்களைப் பிரித்து அளந்தார்கள். இரண்டு வோல்ட் கொடுத்தால் ஒளி ஓரிடத்தில் வெட்டினாற்போல் நின்றது. வோல்ட்டைக் குறைத்தால் அந்த எல்லை சிவப்புப் பக்கம் நகர்ந்தது. கூட்டினால் ஆரஞ்சுப் பக்கம். அந்தச் சிப் பதினொரு நாள் எரிந்தது. கட்டுரை எழுதும்போது துறைத்தலைவர், வழக்கப்படி உதவியவர்களுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி போதும் என்றார். "இல்ல சார்" என்றாள் அண்ணி. ஊசியின் பெயர் ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாகப் போனது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை, பதினொரு நாளோ கட்டுரையோ யாருக்கும் தெரியாது. பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கணவனுக்குப் போனில் விஷயத்தைச் சொல்ல முயன்று, பாதியில் பேச்சு வராமல் ஊசியிடம் கொடுத்தாள். ஊசி, "அண்ணா, பல்பு எரிஞ்சிடுச்சு!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு வைத்தாள்.

இரண்டு நிறுத்தம் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அதை எவ்வளவு வேகமா அணைச்சு அணைச்சு ஏத்தலாம்?"

"ஏன்?"

"செய்தி அனுப்பணும்னா சிமிட்டணுமில்ல? சும்மா எரிஞ்சுக்கிட்டே இருந்தா என்ன சொல்லும் அது?"

அண்ணி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "கணக்குப்படி ரொம்ப ரொம்ப வேகமா முடியணும். ஆனா உன்னோட கம்பி நீளமா இருக்கு, அது இழுத்துப் பிடிக்கும்."

"எவ்வளவு குட்டையா வேணும்?"

"இப்ப இருக்கறதுல பத்துல ஒண்ணு."

ஊசி தன் கைவிரலை நீட்டி, நுனியைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தாள். "அஞ்சுல ஒண்ணு திங்கக்கிழமையே வச்சுத் தரேன்" என்றாள். "பத்துல ஒண்ணுக்குப் புது ஊசிமுனை வேணும். எழுதிக்கோங்க."

அண்ணி எழுதிக்கொண்டாள். இறங்கவேண்டிய நிறுத்தத்தை இருவருமே தவறவிட்டார்கள்.